டெயில் லைட் ரப்பருக்கு அடியில்

மோரிஸ் மைனரை லாரியிலிருந்து இறக்குவதற்குள்ளேயே அண்ணனுக்கும் தங்கைக்கும் சண்டை தொடங்கிவிட்டது. வண்டி அவர்களுடைய அப்பா ஐம்பதுகளில் வாங்கியது. இப்போது மேலே இருப்பது வெள்ளை, அதுவும் வீட்டுச் சுவருக்கு அடித்த மாதிரி. “அப்பா வாங்கினப்போ பச்சை, மேஸ்திரி. நான் ஸ்கூலுக்குப் போனதே அந்தப் பச்சை வண்டியிலதான்” என்றார் அண்ணன். “பச்சையாவது! நீலம் ஓடின சாம்பல். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு” என்றார் தங்கை. இரண்டு பேருக்கும் எழுபதை ஒட்டிய வயது. டீ சொல்லிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரோடு வண்டியின் பின்பக்கம் போய்க் குந்தினேன்.

டெயில் லைட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் இருக்கும். மறுபடி பெயிண்ட் அடிக்கிறவன் முறைப்படி லைட்டைக் கழற்றி, ரப்பரை எடுத்துவிட்டு, அடியிலும் தேய்த்து அடிக்க வேண்டும். யார் செய்கிறார்கள்? ரப்பரைச் சுற்றிப் பழைய பேப்பரை ஒட்டி அடித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள். அதனால் ரப்பருக்கு அடியில் முதல் பெயிண்ட் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஐம்பது வருஷத் தொழிலில் எனக்கு உதவி செய்தவர்கள் யார் என்று கேட்டால், முகம் தெரியாத அந்தச் சோம்பேறி பெயிண்டர்களைத்தான் முதலில் சொல்வேன். டேஷ்போர்டின் உள்பக்கம், கதவு அட்டைக்குப் பின்னால், ஹெட்லைட் கிண்ணத்தின் முதுகு, மட்கார்டுக்கும் பாடிக்கும் இடையில் கொடுத்த பீடிங், கதவுப் பூட்டு வந்து மாட்டும் தகட்டின் அடி, நம்பர் அடித்த கம்பெனி பிளேட்டின் பின்புறம். அவர்கள் கை சோம்பிய இடமெல்லாம் எனக்குப் புதையல்.

மைனரின் ரப்பர் பொறை பிஸ்கட் மாதிரி நொறுங்கி வந்தது. அடியில் வெளிர் பச்சை. அண்ணன் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ஓர் இடம் சொன்னதை வைத்து வண்டிக்கு நிறம் சொல்வதை நான் விட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

நான் தொழிலுக்கு வந்தது 1973-ல், பதினாலு வயதில். புதுப்பேட்டையில் ஒரு பாயின் ஷெட். பாயிடம் சோம்பேறித்தனம் மருந்துக்கும் கிடையாது. எந்த வண்டி வந்தாலும் லைட், பம்பர், கண்ணாடி, பீடிங் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார். ரிமூவர் தடவி, தோல் உரிகிற மாதிரி பெயிண்ட் கிளம்பியதும் தகடு பளிச்சென்று தெரிகிறவரை சுரண்ட வேண்டும். “அடியில அழுக்க வெச்சிட்டு மேல பவுடர் பூசாதடா” என்பார். சுரண்டுவதும், பட்டி வைத்த பிறகு வாட்டர் பேப்பர் தேய்ப்பதும் என் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை வாளித் தண்ணீரில் கையை முக்கி முக்கித் தேய்த்ததில் விரல் நுனி வழவழவென்று ஆகிவிட்டது. பிற்காலத்தில் ஆதாருக்குப் போனபோது மிஷினில் என் ரேகை விழவில்லை. பக்கத்தில் நின்றவர் “திருடப் போகலாம்” என்று சிரித்தார்.

அடியில் என்ன நிறம் இருந்தது என்று அப்போது யாரும் கேட்டதில்லை. வண்டி பழசு என்பது அந்தக் காலத்தில் கௌரவக் குறைச்சல். சொந்தக்காரர் ஷேடு கார்டில் ஒன்றின் மேல் விரலை வைப்பார். மகளுக்குக் கல்யாணம் என்றால் கறுப்பு, டாக்டர் வண்டி என்றால் வெள்ளை. சுரண்டிய தூளைக் கூட்டி அள்ளிக் குப்பையில் கொட்டினோம். பச்சையும் மெரூனும் கிரீமும் சேர்ந்து மிக்ஸ்சர் மாதிரி இருக்கும். அந்தப் பழைய பெயிண்டில் ஈயம் உண்டு என்று எனக்குத் தெரிந்ததே தொண்ணூறுகளில்தான். இன்றைக்குப் பையன்களை உலர்ந்த தேய்ப்பு தேய்க்க விடுவதில்லை. தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும்.

பெயிண்டுக்கு எங்கள் ஷெட்டில் ஒரே பேர், டூக்கோ. அது அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி 1923-ல் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டின் பேர். அதற்கு முன்பு வார்னிஷ் சேர்ந்த பெயிண்டைப் பிரஷ்ஷால் பூசி, கோட்டுக்குக் கோட்டு காயவைத்து, ஒரு வண்டியை முடிக்க வாரக்கணக்காகும். டூக்கோவை கன்னில் அடித்தால் நின்ற இடத்தில் காய்ந்தது. பழைய வண்டி என்றாலே கறுப்பு என்று நினைப்பவர்கள் இன்றும் வருகிறார்கள். ஃபோர்டு மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டும் வந்ததால் ஏற்பட்ட எண்ணம் அது. அந்த மாடல் டிகூட 1914-க்கு முன்னால் வேறு நிறங்களில் வந்ததுதான். 1926 மாடலில் நிறங்கள் திரும்பவும் வந்தன.

டூக்கோவுக்கு ஒரு குணம் உண்டு. எத்தனை வருஷம் ஆனாலும் தன் தின்னரைக் கண்டால் கரையும். வெள்ளை பனியன் துணியில் தின்னரை நனைத்து ஒரு மூலையில் லேசாகத் துடைத்தால் நிறம் துணிக்கு வந்துவிடும். கம்பெனியில் சூடு காட்டி இறுக்கிய சிந்தெட்டிக் எனாமல் அப்படி வராது, கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். எங்கள் பக்கத்து ஷெட்டுகளுக்குத் தொண்ணூறுகளில் வந்த டூ-கே பெயிண்ட் அசையவே அசையாது. ஒரு பழைய வண்டியில் எந்தப் படலம் எந்தக் காலத்தது என்று நான் ஊகிப்பது இந்தத் துணியை வைத்துத்தான்.

மைனருக்கு வருகிறேன். டிக்கி மூடியில் கண்ணில் அதிகம் படாத ஓர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். எட்டணா அகலத்துக்கு 320 பேப்பரால் தகடு தெரிகிறவரை தேய்த்து, பிறகு 600, 1000, 2000 என்று பேப்பரை நைஸாக்கிக்கொண்டே வட்டத்தை வெளியே விரித்துக்கொண்டு போக வேண்டும். விரலில் பலம் கூடினால் ஒரு படலம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். கன்றுக்குட்டி நக்குகிற மாதிரி தேய்க்க வேண்டும். உள்ளங்கை அகலம் வந்ததும் தண்ணீரை ஊற்றிக் கழுவிப் பார்த்தால், வெட்டிய மரத்தில் வளையம் தெரிவது போல ஒவ்வொரு பெயிண்டும் ஒரு வளையமாக நிற்கும். நடுவில் தகடு. சுற்றிலும் ரெட் ஆக்சைடு, பிறகு மெல்லிய சாம்பல் பிரைமர், பிறகு ரப்பருக்கு அடியில் பார்த்த அதே வெளிர் பச்சை. அதற்கு வெளியே ஒரு பிரைமர், கரும்பச்சை. இன்னொரு பிரைமர், கறுப்பு. கடைசியாகச் சுவர் வெள்ளை.

நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் பூதக்கண்ணாடி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால் இரண்டு வளையங்களுக்கு இடையில் சில சமயம் முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு தெரியும். அது வண்டி ரோட்டில் ஓடிய வருஷங்களின் அழுக்கும் பாலிஷும். கோடு இல்லை என்றால் இரண்டும் ஒரே கையால், அடுத்தடுத்து அடித்தவை. மைனரில் முதல் கோடு வெளிர் பச்சைக்கு மேலே இருந்தது. அண்ணன் பள்ளிக்கூடம் போனது கரும்பச்சை வண்டியில். வண்டி ஏற்கனவே ஒரு தடவை பெயிண்ட் அடிக்கப்பட்ட பிறகு. அதை அவரிடம் சொன்னேன். “ரெண்டும் பச்சைதானே?” என்றார். அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை.

இந்தக் கோட்டைப் பார்க்கத் தெரியாமல் நான் ஒரு தடவை சொந்தக் காசை அழுதிருக்கிறேன். எண்பதுகளின் கடைசி. “முதல்ல என்ன கலரோ அதே வேணும்” என்று என்னிடம் கேட்டு வந்த முதல் ஆள் ஓர் ஆஸ்டின் ஏ-40 வைத்திருந்தவர். எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1949 முதல் பூட்டிக் கொடுத்த ரகம். 1955-ல் அசோக் லேலண்ட் என்று பேர் மாறியதே, அதே கம்பெனி. நாலு இடத்தில் தேய்த்துப் பார்த்தேன். நாலிலும் அடியில் சாம்பல், அதன் மேல் மெரூன். மெரூன் பிற்பாடு அடித்தது, சாம்பல்தான் முதல் என்று முடிவு கட்டி, வண்டி முழுக்கச் சாம்பல் அடித்து நிறுத்தினேன். டெலிவரி அன்று அந்த வீட்டில் முப்பது வருஷம் வண்டி ஓட்டிய டிரைவர் பெரியவரையும் அழைத்துக்கொண்டு வந்தார்கள். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தவர் என்னைப் பார்த்து, “ஏம்ப்பா, பிரைமரோட நிக்குதே, எப்ப கலர் அடிப்பே?” என்றார்.

அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார். நான் பிரைமரைத்தான் முதல் நிறம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். மறுபடி இரண்டு மாசம், என் செலவில் மெரூன். பிரைமரைக் கண்டுபிடிப்பது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை: காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் கலர் பெயிண்ட் பளபளக்கும், பிரைமர் எவ்வளவு தேய்த்தாலும் சாக்பீஸ் மாதிரி செத்துக் கிடக்கும். சாம்பலுக்கும் மெரூனுக்கும் நடுவில் அழுக்குக் கோடும் இல்லை. இரண்டையும் பார்க்காமல் கன்னைக் கையில் எடுத்துவிட்டேன். டேஷ்போர்டு, கதவு இடுக்கு, டிக்கி என்று மூன்று இடம் ஒரே சாட்சி சொன்னால்தான் எதையும் ஏற்பது என்று வைத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

காகிதம் இருந்தால் இந்தப் பாடெல்லாம் வேண்டாமே என்பார்கள். சில வண்டிக்கு உண்டு. மெர்சிடிஸ் பென்ஸுக்கு டேட்டா கார்டு என்று ஒன்று இருக்கிறது. அதில் 040 என்றால் கறுப்பு, 050 என்றால் வெள்ளை, 180 என்றால் வெள்ளிச் சாம்பல். அமெரிக்காவில் செய்த செவர்லேயில் இன்ஜின் பக்கத்துத் தகட்டில் ஃபிஷர் பாடி பிளேட்டு இருந்தால் அதில் பெயிண்ட் நம்பரே அடித்திருக்கும். இங்கிலாந்து வண்டிகள் பலவற்றுக்கு அங்கே கெய்டனில் இருக்கும் மோட்டார் அருங்காட்சியகத்துக்குப் பணம் கட்டி எழுதினால், பழைய பேரேட்டைப் பார்த்து வண்டி என்ன நிறத்தில் கம்பெனியை விட்டுப் போனது என்று சான்றிதழ் கொடுக்கிறார்கள். ஐம்பதுகளின் மோரிஸில் வண்டி நம்பருக்கு முன்னால் மூன்று எழுத்து இருக்கும். மூன்றாவது எழுத்துதான் நிறம்: ஏ என்றால் கறுப்பு, ஈ என்றால் பச்சை.

மைனரின் பிளேட்டைத் துடைத்துப் பார்த்தோம். மூன்றாவது எழுத்து ஹெச். ஹெச் என்றால் நிறமே இல்லை. பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்பிய வண்டி என்று அர்த்தம். பூட்டிய ஊரில் என்ன அடித்தார்களோ அதுதான் அதன் முதல் நிறம். நம் ஊர் வண்டிகளில் பாதிப் பேர் இப்படித்தான் கப்பலிறங்கி வந்தவர்கள். ஆர்.சி. புத்தகத்தில் நிறத்துக்கு ஒரு கட்டம் உண்டு, ஆனால் அதில் எழுதியவருக்கு நீலம் என்றால் ஒரே நீலம்தான். இந்த வண்டியின் முதல் புத்தகம் தொலைந்து டூப்ளிகேட் வாங்கியிருந்தார்கள். அதில் வெள்ளை.

தங்கை ஒரு போட்டோ கொண்டுவந்தார், கறுப்பு வெள்ளை. வண்டி முன்னால் ஐந்து பேர். அதை வைத்து நிறம் சொல்ல நான் துணியமாட்டேன். அந்தக் கால ஸ்டுடியோக்காரர்கள் பயன்படுத்திய ஆர்த்தோ ஃபிலிமுக்குச் சிவப்பு கண் தெரியாது. மெரூன் வண்டி கறுப்பாக விழும், வானநீலம் கிட்டத்தட்ட வெள்ளையாக விழும். கறுப்பு நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் வண்டி எவ்வளவு வெளுப்பாக இருக்கிறது என்று பார்க்கலாம். கரும்பச்சை அடிப்பதற்கு முந்தைய படம் என்பது வரைக்கும் அது உதவியது.

எல்லா வண்டியிலும் என்னை அலைக்கழித்தது ஸ்டாண்டர்ட் ஹெரால்டுதான். இங்கே வண்டலூர்ப் பக்கம் பெருங்களத்தூர் தொழிற்சாலையில் 1961 முதல் வந்த வண்டி. மற்ற வண்டிகளில் பாடி ஒரே ஓடாக வெல்டு ஆகியிருக்கும். ஹெரால்டு போல்ட்டு நட்டு வண்டி. மட்கார்டும் பானட்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். பின்பாதி தனி, கதவு தனி, எல்லாவற்றையும் சேஸில் முடுக்கியிருப்பார்கள். எங்காவது இடித்தால் டிங்கரிங் செய்வதற்குப் பதில் புதுப்பேட்டையில் வேறு ஹெரால்டின் மூக்கை வாங்கி மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு ஹெரால்டைத் தேய்த்தபோது பானட்டின் அடியில் மஞ்சள், கதவின் அடியில் சிவப்பு, பின்பாதியில் வானநீலம். மூன்றும் அப்பழுக்கில்லாத கம்பெனி பெயிண்ட்! மூன்று வண்டி செத்து இந்த ஒரு வண்டி பிழைத்திருக்கிறது. எந்தப் பாகத்தைக் கழற்றுவது பெரும்பாடோ அதைத்தான் கேட்க வேண்டும் என்று டேஷ்போர்டு தாங்கும் நடுத்தகட்டுக்குப் போனேன். அங்கே வயர் கட்டுக்குப் பின்னால் வானநீலம். சொந்தக்காரருக்கு வருத்தம். மஞ்சள் வரும் என்று எதிர்பார்த்திருந்தாராம்.

கண்டுபிடித்தும் அடிக்க முடியாமல் போனது ஒன்று உண்டு. யுத்த கால ஜீப். ஆறு படலம் கீழே ராணுவப் பச்சை, அதன் மேல் தேய்ந்த வெள்ளை நட்சத்திரத்தின் ஒரு முனைகூடத் தெரிந்தது. ஆனால் 1989 மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதிப்படி ஆலிவ் பச்சை ராணுவத்துக்கு மட்டும்தான். மூடிவிட்டு மணல் நிறம் அடித்துக் கொடுத்தேன்.

இப்போது நிறம் படிக்க ஒரு சின்ன மிஷின் வந்துவிட்டது. பெயிண்டின் மேல் வைத்து அழுத்தினால் எந்தக் கலர் எத்தனை கிராம் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் வைத்த இடம் வெளுத்திருந்தால் அது வெளுத்ததற்குத்தான் கணக்குச் சொல்லும். முதலில் எந்த இடத்தில் வைப்பது என்று யாராவது அதற்குச் சொல்லவேண்டும். இன்னொரு தொல்லை, பழைய கலர்ப் பொடிகள் இன்று இல்லை. வேறு பொடியில் கலந்தது டியூப் லைட்டில் அச்சாக ஒத்துப்போகும், வெயிலுக்குக் கொண்டுபோனால் பல்லை இளிக்கும். காலை பத்து மணிக்கு, நிழலில் ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை பார்த்த பிறகுதான் நான் டின்னை மூடுவேன். பளபளப்பைப் பற்றிச் சொன்னால் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். டூ-கே போட்ட பழைய வண்டி எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்த ஆள் மாதிரி இருக்கிறது. அந்த வண்டிகள் புதிதாக நின்றபோதுகூட அப்படி மின்னியதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஸ்டாண்டர்ட் வான்கார்டு வந்தது. முதல் நிறம் வேண்டும் என்றார்கள். டெயில் லைட்டைக் கழற்றினேன், அடியில் எல்லா இடத்திலும் இருக்கும் அதே கறுப்பு. பீடிங்குக்குள் கறுப்பு. ஹெட்லைட் கிண்ணம், கதவு அட்டை, பூட்டுத் தகட்டின் அடி, எல்லாம் கறுப்பு, அதற்குக் கீழே சுத்தமான ரெட் ஆக்சைடு, அதற்குக் கீழே தகடு. இவ்வளவு நேர்மையாக யார் சுரண்டியிருப்பார் என்று யோசித்துக்கொண்டே டிக்கியின் உள்மூலையைப் பார்த்தேன். பாய் பட்டியை இழுக்கிற இழுப்பு எனக்குத் தெரியாதா? இடது கைக்காரர் அவர். அந்த வண்டி எங்கள் ஷெட்டுக்கு 1978 வாக்கில் வந்தது. சுரண்டியது நான். நாலு நாள் சுரண்டியிருப்பேன், எந்த நிறத்தைச் சுரண்டினேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. வந்தவரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் கறுப்பையே வைத்துக்கொண்டார்.

மைனரின் குளோவ் பாக்ஸ் மூடியைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பாதி டேப் போட்டு மறைத்து, மொட்டை மாடியில் வெயிலில் கிடத்தினேன். தின்னர் துணியில் அந்த வெளிர் பச்சை ஒட்டவில்லை, எண்ணெய் சேர்ந்த சிந்தெட்டிக் பெயிண்ட். அந்த ரகம் இருட்டில் கிடந்தால் மஞ்சளேறும். வெளிச்சம் பட்டால் மஞ்சள் பெரும்பாலும் இறங்கிவிடும். ஒளிந்திருக்கும் இடத்தில்தான் முதல் பெயிண்ட் தப்பிப் பிழைக்கிறது, ஒளிந்திருந்ததாலேயே நிறமும் கொஞ்சம் பிறழ்ந்துவிடுகிறது. மூன்று வாரம் கழித்து அண்ணனையும் தங்கையையும் வரச்சொல்லி அவர்கள் முன்னாலேயே டேப்பை உரித்தேன். மூடியிருந்த பாதி பச்சை. வெயில் பட்ட பாதி நீலம் ஓடிய சாம்பல்.

“வெயில்ல வெச்சு கலரை மாத்திட்டீங்க, மேஸ்திரி” என்றார் அண்ணன். தங்கை ஒன்றும் சொல்லாமல் மூடியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அண்ணனுக்காக டேஷ்போர்டின் அடியிலும் பூட்டுத் தகட்டின் அடியிலும் காம்பவுண்ட் போட்டு மேல் மஞ்சளை அறுத்துக் காட்டினேன். அங்கேயும் அதே சாம்பல். அரை மணி நேரம் இரண்டு பேரும் வாசலில் நின்று பேசினார்கள். திரும்பி வந்து, “கரும்பச்சையே அடிச்சிடுங்க. எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச வண்டி அதுதான்” என்றார் தங்கை. சாம்பல் வண்டியைத் தான் பார்த்ததே போட்டோவிலும் அப்பா சொல்லிக் கேட்டும்தானாம்.

கரும்பச்சை அடித்தேன். லைட், பம்பர், பீடிங் எல்லாம் பாய் சொல்லிக்கொடுத்தபடி கழற்றித்தான் அடித்தேன். இடதுபக்க டெயில் லைட் ரப்பர் உட்காரும் இடத்தை மட்டும் டேப் போட்டு மறைத்து, அடியிலிருந்த பெயிண்டைத் தொடாமல் விட்டு, மேலே புது ரப்பரை வைத்து முடுக்கினேன். பையன் ஒருவன், “மேஸ்திரி, இங்க அடிக்க மறந்துட்டீங்க” என்று கன்னை எடுத்துக்கொண்டு வந்தான்.